குக்கீ என்னும் அடையாளச் சீட்டு

இணையதளம் ஒன்றைத் திறந்தால், நாம் தேடிவந்த செய்தி கண்ணில் படுவதற்கு முன்பே திரையின் அடியில் ஒரு பட்டை எழுந்து நிற்பதைக் காண்கிறோம். 'இத்தளம் குக்கீகளைப் பயன்படுத்துகிறது' என்று அது அறிவிக்கிறது. அருகிலேயே 'ஏற்கிறேன்' என்று பெரிய பொத்தான். படிக்க வந்ததை அப்பட்டை மறைத்துக்கொண்டு நிற்பதால் விரல் தானாகவே சென்று பொத்தானை அழுத்திவிடுகிறது. எதனை ஏற்றோம்? யாருக்கு ஒப்புதல் கொடுத்தோம்? எத்தனை நாளைக்கு? இவ்வினாக்களுக்கு விடை சொல்லக்கூடியவர்கள், மாணவர்களிடையேயும் சரி, ஆசிரியர்களிடையேயும் சரி, மிகச் சிலரே இருப்பர்.

குக்கீயை ஒருவகை வைரஸ் என்று எண்ணி அஞ்சுவோர் உண்டு. 'எனக்கென்ன ரகசியம் இருக்கிறது, எடுத்துக்கொள்ளட்டுமே' என்று அலட்சியம் செய்வோரும் உண்டு. இரு சாராரும் பொருளை அறியாமலே பேசுகின்றனர். குக்கீ ஒரு நிரல் அன்று. அதனால் தானே இயங்க முடியாது. கணினியைக் கெடுக்கவும் முடியாது. அது வெறும் எழுத்து. ஒரு சிறு சீட்டு. ஆனால் அச்சீட்டைத் தருபவர் யார், அதனைக் கையில் வைத்திருப்பவர் யார் என்பவற்றைப் பொறுத்தே அதனால் விளையும் நன்மையும் தீமையும் அமைகின்றன.

மறதி மிகுந்த ஊடகம்

ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் 1989ஆம் ஆண்டு வையவிரிவு வலைக்கான தம் திட்டத்தை முன்வைத்தார். அறிவியலார் தம் கட்டுரைகளைப் பகிர்ந்துகொள்வதே அதன் முதல் நோக்கம். ஆகவே அவர் வகுத்த எச்.டி.டி.பி. என்னும் நெறிமுறை மிக எளியதாக இருந்தது. நம் கணினியில் உள்ள உலாவி 'இந்தப் பக்கத்தைக் கொடு' என்று கேட்கும். அப்பால் உள்ள வழங்கிக் கணினி கொடுக்கும். அத்துடன் இருவருக்கும் இடையிலான உறவு முடிந்தது. மறு நொடியே நாம் இன்னொரு பக்கத்தைக் கேட்டாலும், வழங்கிக்கு நாம் முற்றிலும் புதியவர்தாம். கட்டுரை படிப்பதற்கு இந்த மறதியால் இடையூறு ஒன்றும் இல்லை.

கடை வைக்க வந்தவர்களுக்குத்தான் இடையூறு. ஒரு புத்தகக் கடையின் தளத்தில் ஒரு நூலைத் தெரிந்து கூடையில் இடுகிறோம் என்று கொள்வோம். அடுத்த நூலைப் பார்க்கப் போனதும், முதல் நூலை எடுத்தவர் யார் என்பதைக் கடை மறந்துவிடும். கூடை காலி! கடவுச்சொல் கொடுத்து உள்ளே நுழைந்தாலும் ஒவ்வொரு பக்கத்திற்கும் மீண்டும் மீண்டும் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும்.

1994ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் என்னும் அமெரிக்க நிறுவனத்தில் உலாவி உருவாக்கும் பணியில் இருந்த லூ மாண்டுல்லி என்னும் இளைஞரிடம் இச்சிக்கல் வந்து சேர்ந்தது. எம்.சி.ஐ. என்னும் தொலைபேசி நிறுவனம் இணையத்தில் கடை திறக்க விரும்பியது. ஆனால் வாங்குவோரின் கூடைக் கணக்கைத் தன் வழங்கியில் சுமக்க அது விரும்பவில்லை. ஒவ்வோர் உலாவிக்கும் ஒரு நிலையான அடையாள எண்ணைக் கொடுத்து, அதனை எல்லாத் தளங்களுக்கும் தெரிவித்துவிடுவது ஒரு வழி. மாண்டுல்லி அவ்வழியை எண்ணிப் பார்த்து ஒதுக்கினார். அவ்வாறு செய்தால் எல்லாத் தளங்களும் தம் குறிப்புகளை ஒன்றுசேர்த்து ஒருவர் போகுமிடமெல்லாம் பின்தொடரலாம் என்பதே அவர் கண்ட குறை. எனவே வேறொரு வழி வகுத்தார். ஒவ்வொரு தளமும் தனக்கென ஒரு சீட்டை எழுதி உலாவியிடம் கொடுக்கலாம், உலாவி அச்சீட்டை, கொடுத்த தளத்திற்கு மட்டுமே திருப்பிக் காட்டும், வேறெவருக்கும் காட்டாது. 1994 அக்டோபரில் வெளிவந்த நெட்ஸ்கேப் உலாவியின் முதற்பதிப்பிலேயே இவ்வசதி இடம்பெற்றது. முதன்முதலாக அது பயன்பட்டது, நெட்ஸ்கேப் தளத்திற்கு வருவோர் முன்பே வந்தவரா, புதியவரா என்று அறிவதற்காகும்.

பெயரைப் பற்றி ஒரு சொல். யூனிக்ஸ் நிரலாளர்களிடையே 'மேஜிக் குக்கீ' என்றொரு வழக்கு முன்பே இருந்தது. ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் கொடுத்துப் பின்னர் அப்படியே திரும்பப் பெறும் அடையாளத் துண்டுக்கு அது பெயர். மாண்டுல்லி அதனை எடுத்துக்கொண்டார். அமெரிக்கர் குக்கீ என்பது நாம் தேநீருடன் உண்ணும் பிஸ்கட்டைத்தான். தமிழில் 'நினைவி' என்றும் பிறவாறும் சிலர் எழுதுகின்றனர். உலாவிகளின் தமிழ் அமைப்பில் குக்கீ என்றே வருவதால் நானும் அவ்வாறே எழுதுகிறேன். நம் தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் பொருத்தமான சொல் ஒன்று தருவார்களாயின் அடுத்த மலரில் அதனை ஆள்வதற்குத் தடையில்லை.

செருப்புச் சீட்டு

கோயில் வாசலில் செருப்பை விட்டுச் செல்லும்போது ஒரு வில்லையைத் தருகிறார்கள். அதில் 47 என்று எண் மட்டும் இருக்கிறது. நம் பெயரோ, செருப்பின் நிறமோ அதில் இல்லை. அவ்வெண்ணுக்குப் பொருள் கடைக்காரருடைய அடுக்கில் இருக்கிறது. குக்கீயும் பெரும்பாலும் இத்தகையதே. அதனைத் திறந்து பார்த்தால் ஒரு பெயரும், அதற்கெதிரே நீண்ட எழுத்தும் எண்ணும் கலந்த தொடரும்தான் தெரியும். 4096 பைட் அளவுக்குள் அது அடங்கிவிடும். இக்கட்டுரையின் ஒரு பத்தியை எழுதுவதற்கே அவ்வளவு இடமும் தீர்ந்துபோகும். நம்மைப் பற்றிய செய்திகள் நம் கணினியிலுள்ள சீட்டில் இல்லை. அப்பால் உள்ள ஏட்டில் இருக்கின்றன. சீட்டு அந்த ஏட்டின் பக்க எண் மட்டுமே.

சீட்டில் காலக்கெடுவும் குறிக்கப்படலாம். கெடு குறிக்காத சீட்டு, உலாவியை மூடியதும் மறைந்துவிடவேண்டும் என்பது விதி. கெடு குறித்த சீட்டு அந்நாள் வரை கணினியில் தங்கும். முற்காலத்தில் பத்து இருபது ஆண்டுக்கெல்லாம் கெடு எழுதிய தளங்கள் உண்டு. 2022ஆம் ஆண்டு முதல் குரோம் உலாவி 400 நாளுக்கு மேற்பட்ட கெடுவை ஏற்பதில்லை.

இதுவரை சொன்னதில் அஞ்சத்தக்கது ஏதுமில்லை. குக்கீ இல்லையேல் இன்று மின்னஞ்சல் இல்லை. இரயில் முன்பதிவு இல்லை. தேர்வு விண்ணப்பமும் இல்லை. கொடுத்தவருக்கே திருப்பிக் காட்டுதல் என்னும் விதியும் நல்ல விதிதான். அவ்விதியை இன்றுவரை யாரும் மீறவில்லை. ஆயினும் அவ்விதியைக்கொண்டு எதனைத் தடுக்க மாண்டுல்லி விரும்பினாரோ, அதுவே நடந்துவிட்டது. எங்ஙனம்?

மூன்றாமவர் நுழைந்த கதை

நாம் காணும் ஒரு பக்கம் ஒரே இடத்திலிருந்து வருவதன்று. செய்தி ஒரு வழங்கியிலிருந்தும், எழுத்துரு இன்னொன்றிலிருந்தும், ஓரத்தில் மின்னும் விளம்பரப் படம் மூன்றாவது ஒன்றிலிருந்தும் வருகின்றன. உலாவி இவற்றையெல்லாம் தனித்தனியே கேட்டு வாங்கி ஒரு பக்கமாகத் தைக்கிறது. விளம்பர நிறுவனத்தின் வழங்கியிடம் படத்தைக் கேட்கும்போது, எந்தப் பக்கத்திற்காகக் கேட்கிறது என்பதையும் உலாவி சொல்லிவிடுவது வழக்கம். படத்தைக் கொடுக்கும் அந்நிறுவனம் கூடவே தன் சீட்டு ஒன்றையும் நம் உலாவியிடம் கொடுத்துவிடுகிறது. நாம் அந்நிறுவனத்தின் தளத்திற்குப் போனதே இல்லை. அதன் பெயரைக்கூடக் கேட்டதில்லை. ஆனால் அதன் சீட்டு நம் பையில் இருக்கிறது.

மறுநாள் வேறொரு தளத்திற்குப் போகிறோம். அங்கும் அதே நிறுவனத்தின் விளம்பரம். உலாவி விதிப்படி நடந்து, சீட்டைக் கொடுத்தவருக்கே காட்டுகிறது. 'ஓகோ, நேற்று அங்கே வந்த 47ஆம் எண் இன்று இங்கே வந்திருக்கிறார்' என்று ஏட்டில் பதிவாகிறது. ஊரிலுள்ள கோயில், திரையரங்கு, மருத்துவமனை, நூலகம் எல்லாவற்றின் வாசலிலும் செருப்பு வைக்கும் குத்தகையை ஒரே ஆள் எடுத்துவிட்டார் என்றும், எல்லா இடத்திலும் நாம் அதே வில்லையைக் காட்டுகிறோம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். வில்லையில் இன்னும் 47 என்றுதான் இருக்கிறது. ஆனால் திங்கட்கிழமை மருத்துவமனையில் எந்தப் பிரிவுக்குப் போனோம், செவ்வாய்க்கிழமை நூலகத்தில் எந்த அடுக்கில் நின்றோம் என்பதெல்லாம் குத்தகைக்காரருக்குத் தெரியும். மூன்றாம் தரப்புக் குக்கீ என்பது இதுவே. சில சமயம் படம்கூட வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரே ஒரு புள்ளியைப் படமாக அனுப்பிவிட்டு அதே வேலையைச் செய்துகொள்கிறார்கள்.

இஃது எதிர்பாராமல் நேர்ந்த தீங்கு என்று சொல்வதற்கில்லை. 1997 பிப்ரவரியில் இணையப் பொறியியல் பணிக்குழு குக்கீக்கான முதல் முறையான விதித்தொகுப்பை வெளியிட்டது. அதனை எழுதியோர் டேவிட் கிரிஸ்டல் என்பவரும் மாண்டுல்லியும் ஆவர். பயனர் தாமே தேடிச் செல்லாத மூன்றாமவருடைய சீட்டை உலாவிகள் தாமாக ஏற்கலாகாது என்று அத்தொகுப்பு தெளிவாகச் சொன்னது. அன்று உலாவிச் சந்தையை ஆண்ட நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்ட்டும் அதனைப் பின்பற்றவில்லை. விளம்பரத் தொழில் அதற்குள் வேரூன்றிவிட்டிருந்தது. எழுதியவரில் ஒருவர் பணியாற்றிய நிறுவனமே பின்பற்றாத விதியை வேறு யார் பின்பற்றுவர்?

'பெயர் இல்லையே, வெறும் எண்தானே' என்று சிலர் கேட்கக்கூடும். அதற்கு விடை 1999ஆம் ஆண்டில் கிடைத்தது. இணைய விளம்பரத்தில் முன்னணியில் இருந்த டபுள்கிளிக் நிறுவனம் அவ்வாண்டில் அபாக்கஸ் டைரக்ட் என்னும் நிறுவனத்தை வாங்கியது. அஞ்சல் வழியே பொருள் வாங்கும் கோடிக்கணக்கான அமெரிக்கர்களின் பெயர், முகவரி, வாங்கிய பொருள் ஆகியன அபாக்கஸ் கையில் இருந்தன. சீட்டின் எண்ணையும் இப்பெயர்ப் பட்டியலையும் இணைக்கலாம் என்ற திட்டம் வெளிப்பட்டதும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் விசாரணை தொடங்கியது. 2000 மார்ச்சில் நிறுவனத் தலைவரே அத்திட்டத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தார். எண்ணுக்கும் பெயருக்கும் இடையே இருந்தது ஒரு மெல்லிய திரைதான் என்பதை உலகம் அன்று கண்டது. 2008ஆம் ஆண்டு டபுள்கிளிக்கைக் கூகுள் தனதாக்கிக்கொண்டது. நாம் எத்தளத்திலேனும் பெயர் கொடுத்து நுழையும்போது அத்திரை விலகக்கூடும் என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். கல்விக்கடன் பற்றியும், ஒரு நோயின் அறிகுறி பற்றியும், வேலைவாய்ப்புப் பற்றியும் ஒருவர் படித்தவற்றை அடுக்கிவைத்துப் பார்த்தால், அவருடைய வீட்டாருக்கும் தெரியாத கவலைகள் அவ்வரிசையில் தெரிந்துவிடும்.

ஒப்புதல் என்னும் சொல்

ஐரோப்பிய ஒன்றியம் 2002ஆம் ஆண்டு மின்னணுத் தொடர்பில் தனியுரிமை பற்றிய நெறியைக் கொணர்ந்தது. 2009இல் அதனைத் திருத்தி, இன்றியமையாத குக்கீகள் தவிர மற்றவற்றுக்குப் பயனரின் ஒப்புதலை முன்கூட்டியே பெறவேண்டும் என்றது. 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த பொதுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் என்பது எத்தகையதாக இருக்கவேண்டும் என்பதையும் இறுக்கியது. திரையின் அடியில் எழும் பட்டையின் பிறப்பிடம் இதுவே. ஐரோப்பியருக்காகக் கட்டிய பட்டை நமக்கும் தென்படுகிறது.

பட்டையை எப்படிக் காட்டுவது என்பதில் நடந்த சாமர்த்தியங்கள் சுவையானவை. ஜெர்மனியில் பிளானட்49 என்னும் நிறுவனம் ஒரு பரிசுப் போட்டித் தளத்தில் ஒப்புதல் கட்டத்தில் தானே முன்கூட்டி டிக் இட்டு வைத்திருந்தது. வேண்டாதவர் அதனை எடுத்துக்கொள்ளலாமாம்! 2019 அக்டோபர் 1 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், பிறர் இட்டுவைத்த டிக் ஒப்புதல் ஆகாது என்று தீர்ப்பளித்தது. அதன் பின்னர் வேறு உத்தி தோன்றியது. ஏற்பதற்கு ஒரு சொடுக்கு. மறுப்பதற்கோ பல பக்கங்கள் கடந்து செல்லவேண்டும். பிரான்சின் தரவுக் காப்பு ஆணையம் 2022 ஜனவரியில் இதற்காகவே கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் தண்டம் விதித்ததாக அறிவித்தது. மறுப்பது, ஏற்பதைப் போலவே எளிதாக இருக்கவேண்டும் என்பது அதன் கருத்து. மறுக்கும் பொத்தானை மங்கிய நிறத்தில் சிறிய எழுத்தில் வைப்பதை இன்றும் காணலாம். அப்பட்டை எழும்போது 'இன்றியமையாதவை மட்டும்' என்றோ 'அனைத்தையும் நிராகரி' என்றோ உள்ளதா என்று ஒரு கணம் தேடிப் பாருங்கள்; பெரும்பாலான தளங்கள் அதனை அழுத்தினாலும் முன்போலவே இயங்கும்.

நம் நாட்டில் 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம், புட்டசாமி வழக்கில், தனியுரிமை அரசியலமைப்பு தரும் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதனை அடுத்து 2023இல் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தில் குக்கீ என்ற சொல் இல்லை. ஆனால் ஒப்புதல் பற்றி அது கூறுவது குக்கீ வழியே திரட்டும் தனிநபர் தரவுக்கும் பொருந்தும். ஒப்புதலைத் திரும்பப் பெறுவது, கொடுத்ததைப் போலவே எளிதாக இருக்கவேண்டும் என்கிறது. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள எம்மொழியிலோ படித்துக்கொள்ளும் வாய்ப்பைத் தரவேண்டும் என்கிறது. எனவே தமிழில் கேட்பது இனி நம் உரிமை. 18 வயது நிரம்பாதோரைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும், சில விலக்குகள் நீங்கலாக, தடுக்கிறது. முதலாண்டில் சேரும் 17 வயது மாணவரும் இச்சட்டத்தின் கண்ணில் குழந்தையே என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். இச்சட்டத்திற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. ஒப்புதல் தொடர்பான பெரும்பகுதி அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வரும் என அப்போது அறிவிக்கப்பட்டது.

உலாவியிலேயே ஒரு பூட்டு

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆப்பிள் நிறுவனத்தின் சஃபாரி உலாவி 2020 மார்ச் முதல் மூன்றாம் தரப்புக் குக்கீகளை முழுமையாகத் தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2022 முதல் ஒவ்வொரு தளத்திற்கும் தனித்தனிப் பானை வைத்து, ஓரிடத்துச் சீட்டு இன்னோரிடத்தில் செல்லாதபடி செய்துவிட்டது. குரோமின் கதை வேறு. 2020 ஜனவரியில் கூகுள், இரண்டாண்டுக்குள் மூன்றாம் தரப்புக் குக்கீயை நீக்கிவிடுவதாக அறிவித்தது. பிறகு 2023 என்றது, 2024 என்றது, 2025 என்றது. 2024 ஜூலையில் நீக்கும் எண்ணத்தையே கைவிட்டது. விளம்பர வருவாயில் வாழும் நிறுவனம் வேறென்ன செய்யும் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் மற்ற விளம்பரக்காரர்களின் கண்ணைக் கட்டிவிட்டுக் கூகுள் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் என்று போட்டியாளர்கள் எழுப்பிய அச்சத்திலும் நியாயம் இல்லாமற் போகவில்லை.

நம்மிற் பெரும்பாலோர் கையில் இருப்பது குரோம்தான். அதன் அமைப்புகளுள் தனியுரிமைப் பகுதிக்குச் சென்றால் மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தடுக்கும் வசதி இருக்கிறது. ஒருமுறை மாற்றிவிட்டால் போதும். எங்கேனும் ஒரு தளம் இயங்க மறுத்தால் அத்தளத்திற்கு மட்டும் விலக்கு அளிக்கலாம். எல்லாக் குக்கீகளையும் அடியோடு தடுப்பது வேண்டாத வேலை; மின்னஞ்சலுக்குள்ளேயே நுழைய முடியாமற் போகும்.

மறைநிலைச் சாளரத்தை மாயப் போர்வை என்று நம்புவோர் பலர். அச்சாளரங்களை மூடியதும் அதில் சேர்ந்த சீட்டுகளும் பார்த்த பக்கங்களின் பட்டியலும் அழிகின்றன என்பது மெய். ஆனால் நாம் சென்ற தளங்களும், இணைய இணைப்புத் தருவோரும் நம்மைக் காண்பதை அது தடுப்பதில்லை. மறைநிலையில் இருந்தோரின் நடமாட்டத்தையும் திரட்டியதாகக் கூகுள் மீது 2020இல் அமெரிக்காவில் தொடுத்த வழக்கு, திரட்டிய பதிவுகளை அழிப்பதற்கு அந்நிறுவனம் இணங்கியதன் பேரில் 2024இல் உடன்பாட்டுக்கு வந்தது. சீட்டே இல்லாமலும் அடையாளம் காணும் வழி உண்டு. திரையின் அளவு, எழுத்துருக்கள், உலாவியின் பதிப்பு முதலானவற்றைச் சேர்த்துப் பார்த்தால் அதுவே கைரேகை போலாகிவிடும். எலக்ட்ரானிக் ஃப்ரண்டியர் ஃபவுண்டேஷன் 2010இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த உலாவிகளுள் 83.6 விழுக்காடு தனித்தன்மை உடையனவாக இருந்தன. குக்கீயை நாம் அழித்துவிடலாம். இந்தக் கைரேகையை அழிப்பது அரிது. அவ்வகையில் குக்கீ, கண்ணுக்குத் தெரியும் எதிரி.

வில்லை திருடு போனால்

விளம்பரக்காரர் பின்தொடர்வது மெல்லிய தீங்கு. உடனடித் தீங்கு வேறொன்று உண்டு. கோயில் வாசலில் 47ஆம் எண் வில்லையை யார் நீட்டினாலும் செருப்பு அவரிடம் போய்விடும். கடைக்காரர் முகம் பார்ப்பதில்லை. இணையமும் அவ்வாறே. கடவுச்சொல்லை ஒருமுறை சரிபார்த்த பின்பு தளம் நம்மிடம் ஒரு சீட்டைத் தந்துவிடுகிறது. அதன்பின் அச்சீட்டைக் காட்டுபவரே நாம். கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணும் நுழைவாயிலில் மட்டுமே காவல் நிற்கிறது. உள்ளே வழங்கிய சீட்டு களவு போனால் அக்காவலால் பயனில்லை.

2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்னும் நிரலாளர் ஃபயர்ஷீப் என்றொரு சிறு கருவியை வெளியிட்டார். பொது இடத்து வைஃபையில் அமர்ந்திருப்பவர், அதே வைஃபையில் உள்ள மற்றவர்களின் ஃபேஸ்புக் சீட்டைக் காற்றிலிருந்தே பிடித்து, ஒரு சொடுக்கில் அவர்களாக உள்ளே நுழைந்துவிடலாம். களவுக்கு அன்று, சீட்டை மறைக்காமல் திறந்த அஞ்சலட்டைபோல் அனுப்பும் நிறுவனங்களின் அலட்சியத்தை அம்பலப்படுத்தவே அதனைச் செய்ததாக அவர் சொன்னார். பயன் கிடைத்தது. 2011 ஜனவரியில் ஃபேஸ்புக் மறையாக்கம் செய்த இணைப்பை விரும்பியோருக்கு அளித்தது. 2013இல் அனைவருக்கும் அதுவே ஆயிற்று. கன்னத்தில் அறைந்தாற்போன்ற அப்பாடம் இல்லாதிருந்தால் இன்னும் எத்தனை ஆண்டுகள் ஆகியிருக்குமோ! 2023 மார்ச்சிலோ, கனடாவின் லைனஸ் டெக் டிப்ஸ் என்னும் புகழ்பெற்ற யூடியூப் அலைவரிசை களவாடப்பட்டது. விளம்பர ஒப்பந்தம் என்று வந்த போலிக் கோப்பை ஊழியர் ஒருவர் திறக்க, அதிலிருந்த தீநிரல் உலாவியிலுள்ள சீட்டுகளை அள்ளிச் சென்றது. கணினியையே தொழிலாகக்கொண்டு பிறருக்குக் கற்பிப்போர் கதி இது.

நம் மாணவர்கள் அஞ்சவேண்டிய இடம் இவ்வளவு தொலைவில் இல்லை. உதவித்தொகைக்கும், போட்டித் தேர்வுக்கும், மேற்படிப்புக்கும் விண்ணப்பிக்கப் பெரும்பாலோர் நெட் சென்டருக்குத்தான் போகிறோம். ஒரு மாணவி மின்னஞ்சலில் நுழைகிறார், சான்றிதழை அச்செடுக்கிறார், பின்னால் நிற்போர் அவசரப்படுத்த, பக்கத்தின் மேலுள்ள பெருக்கல் குறியை அழுத்திவிட்டு எழுந்துவிடுகிறார் என்று கொள்வோம். அவர் மூடியது ஒரு பக்கத்தை மட்டுமே, உலாவியை அன்று. சீட்டு அங்கேயே இருக்கிறது. உலாவியை மூடினாலும், விட்ட இடத்திலிருந்து தொடங்கும்படி அது அமைக்கப்பட்டிருந்தால், கெடு குறிக்காத சீட்டும் மீண்டு வந்துவிடும். அடுத்து அமர்பவர் அதே முகவரியைத் தட்டினால் மாணவியின் அஞ்சற்பெட்டி திறக்கும். அதில் ஆதார் நகல் இருக்கும்; மதிப்பெண் பட்டியல் இருக்கும்; வங்கிக் கணக்கு ஏட்டின் முதற்பக்கமும் இருக்கும். மற்ற கடவுச்சொற்களை மாற்றும் இணைப்புகளும் அந்தப் பெட்டிக்குத்தான் வந்து சேரும்.

'வெளியேறு' என்னும் பொத்தானை அழுத்துவது வேறு, பக்கத்தை மூடுவது வேறு. பக்கத்தை மூடுவது வில்லையை மேசைமேல் விட்டுவிட்டு வருவது. வெளியேறுவதோ, கடைக்காரருடைய ஏட்டிலேயே 47ஆம் எண்ணை அடித்துவிடச் சொல்வது. செம்மையாக அமைந்த தளத்தில் அதற்குப்பின் வில்லை யார் கையில் இருந்தாலும் செல்லாது. நெட் சென்டரில் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து வேலை செய்வது நன்று. அதன் மெய்யான பயன் இத்தகைய இடத்தில்தான். 'என்னை நினைவில் வை' என்ற கட்டத்தில் டிக் இடவேண்டாம். கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று உலாவி கேட்டால் மறுத்துவிடுங்கள். மறந்து வந்துவிட்டால் ஓடிப்போக வேண்டியதில்லை. கைப்பேசியில் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியைத் திறந்தால், நம் கணக்கு எந்தெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்ற பட்டியல் உண்டு. அங்கிருந்தே அந்த நெட் சென்டர் கணினியை வெளியேற்றிவிடலாம்.

வாட்ஸ்அப்பில் வந்த கோப்பை அச்செடுப்பதற்காகக் கடைக் கணினியின் திரையிலுள்ள கட்டத்தைக் கைப்பேசியால் படம் பிடித்து இணைப்பதும் இப்போது பெருவழக்காகிவிட்டது. இதில் அடையாளம் தங்குவது குக்கீயில் அன்று, உலாவியிலுள்ள அதனையொத்த வேறொரு சேமிப்பில். விளைவு ஒன்றுதான். அச்செடுத்துக் காசு கொடுத்த பிறகும் கடைக் கணினியில் நம் உரையாடல்கள் வந்துகொண்டே இருக்கும். கைப்பேசியில் வாட்ஸ்அப்பைத் திறந்து, மூன்று புள்ளிகளைத் தொட்டு, 'லிங்க்டு டிவைசஸ்' என்ற பட்டியலுக்குச் சென்றால் இணைந்துள்ள கணினிகள் வரிசையாகத் தெரியும். நமக்கு உரியதல்லாத ஒவ்வொன்றையும் தொட்டு 'லாக் அவுட்' கொடுக்கவேண்டும். கடையை விட்டுப் படியிறங்கும் முன்பே இதனைச் செய்துவிடலாம். அரை நிமிடம் ஆகாது.